போடாத தார் எப்படிப் போகும்

கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க தம்பி. இந்தப் பாலம் தாண்டினதும் ஒரு குழி வரும், ஆளைத் தூக்கி அடுத்த சீட்டுல வச்சிரும். வந்துட்டு பாத்தீங்களா. நாக்கைக் கடிச்சுக்கிடலையே? நல்லது, இனிமே கொஞ்ச தூரத்துக்குப் பயமில்ல.

இந்த ரோட்டை யாரு போட்டான்னு கேட்டா ஊருல எவனும் சொல்லிருவான். கான்ட்ராக்டர் பொன்னுலிங்கம். இப்போ மாண்புமிகு பொன்னுலிங்கம். ஆனா இந்த ரோட்டைப் போட்டாச்சுன்னு நிரூபிச்சது யாருன்னு கேளுங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. நாந்தான். சொர்ணவேல், பி.ஏ., பி.எல். நல்லூரணியில இறங்கி யாருகிட்டயும் கேட்டுப் பாருங்க, வீட்டைக் காட்டுவான். சொர்ணவேல்னு கேக்காதீங்க. அமெரிக்கா வக்கீல் வீடு எதுன்னு கேளுங்க.

அமெரிக்காவுக்கெல்லாம் போனதில்ல. கொழும்புக்குக்கூடப் போனதில்ல. எங்க வக்கீல் சங்கத்து நூலகத்துல அட்டை கிழிஞ்ச புஸ்தகம் ஒண்ணு கிடந்துது. ஹோரஸ் பெல்லிங்கர்னு ஒரு அமெரிக்க வக்கீலோட கதை, நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின ஆளு. ஆத்தங்கரையில ஒரு சின்ன ஊரு. குதிரையில ஏறி ஊரு ஊரா கோர்ட்டுக்குப் போவாரு. பன்னி திருடினவனுக்கும் வாதாடுவாரு, பன்னியைப் பறிகொடுத்தவனுக்கும் வாதாடுவாரு. சாயங்காலமானா அதே ஊருல கட்சிக் கூட்டம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு அந்த ஊருல மாநாடு கூட்டுவாங்களாம். ஒவ்வொரு மாநாட்டுலயும் இவரு பேரு வரும், இவரு பேருக்கு மேல ஒரு மர வியாபாரி பேரு வந்துரும். மனுசன் அசர மாட்டாரு. அதே மர வியாபாரிக்கு ஓட்டுக் கேட்டு மேடையில மூணு மணி நேரம் பேசுவாரு. இவரு இருந்த கட்சி கலைஞ்சு போச்சு, அடுத்ததுக்குப் போனாரு, அதுவும் உடைஞ்சு போச்சு. கடைசியில சட்டசபைக்குப் போனாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது தம்பி, கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்னுட்டு. போயிருப்பாருன்னுதான் நான் வச்சிருக்கேன்.

நான் பேசுற கூட்டத்துல எல்லாம் அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம இறங்க மாட்டேன். ஒரு தேர்தல்ல கீழப்புதூர்ப் பொம்பளைங்க எங்கிட்டயே வந்து, அந்தப் பெல்லிங்கரு எந்தச் சின்னத்துல நிக்காரு, நல்ல மனுசனா இருக்காரேன்னு கேட்டாங்க. அதுல இருந்துதான் இந்தப் பேரு. யாரோ கேலிக்கு வச்சது, எனக்குப் பிடிச்சுப் போச்சு.

எனக்கும் அந்த ஆசை இருந்துது. பொய் சொல்ல மாட்டேன். மந்திரி ஆகணும், காரு வேணும், அந்த ஆசையெல்லாம் இல்ல. சட்டசபையில ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எந்திரிச்சு நின்னு ஒரு மசோதாவை வாக்கியம் வாக்கியமாப் பிரிச்சுப் போடணும். எதிர்க்கட்சிக்காரன் எழுத மறந்து என் வாயைப் பாக்கணும். காலேஜ்ல படிக்கும்போது வந்த ஆசை. கல்யாணமான புதுசுல இதைச் சொன்னேன், உலகம்மா சிரிச்சா. உலகம்மா எம் பொண்டாட்டி. சிரிச்சாளே ஒழிய, ஒவ்வொரு தேர்தலுக்கும் எனக்கு வெள்ளைச் சட்டை புதுசாத் தைச்சு, கஞ்சி போட்டு, மடிச்சு வச்சிருவா.

கட்சி மாறினவன்னு என்னை யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நான் நின்ன இடத்துலதான் நின்னேன். கட்சி ரெண்டா உடைஞ்சப்போ நான் நின்ன பக்கத்துக்கு வேற பேரு வச்சிட்டாங்க. அப்புறம் அதுவும் உடைஞ்சுது. அப்போ கூட்டம் எந்தப் பக்கம் கூடுதலா இருந்துதோ அந்தப் பக்கம் நின்னேன். ஜனநாயகம்னா அதுதான?

சீட்டுக் கேட்டு மெட்ராஸுக்கு நேர்காணலுக்குப் போவோம்லா. தலைவரு கேட்டாரு, எவ்வளவு செலவு பண்ணுவீங்கன்னு. சட்டம் எவ்வளவு அனுமதிக்கோ அவ்வளவுன்னு சொல்லி, எந்தப் பிரிவு, எந்த விதின்னும் சொன்னேன். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. என் சட்ட அறிவைப் பாத்து அசந்துட்டாங்கன்னு வெளிய வந்து நெனச்சேன். சீட்டு பொன்னுலிங்கத்துக்குப் போச்சு.

எனக்கு ஒண்ணுமே தரலைன்னு சொல்ல முடியாது. மாற்று வேட்பாளர். அது என்னன்னு தெரியுமா? கட்சி ஒருத்தரை நிறுத்தும், அவரு மனுவுல ஏதாவது கோளாறு வந்து தள்ளுபடி ஆயிட்டுன்னா சின்னம் போயிரக் கூடாதுல்லா, அதுக்காக இன்னொருத்தரையும் மனு போடச் சொல்லும். முதல் மனுவை ஏத்துக்கிட்ட மறு நிமிஷம் ரெண்டாவது மனு செத்துப் போகும். மாப்பிள்ளைத் தோழன் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பட்டு வேட்டி உண்டு, மாலை உண்டு, பொண்ணு கிடையாது. நான் மூணு தேர்தல்ல மாப்பிள்ளைத் தோழன். அதுலயும் பாருங்க, மாப்பிள்ளையோட மனுவையும் நாந்தான் நிரப்பணும். கட்சி வக்கீல் நாந்தான?

இந்தக் கதை மூணாவது தடவை நடந்தது.

பொன்னுலிங்கம் மனுவை எங்க வீட்டுல வச்சுத்தான் நிரப்பினேன். அவரு போன பிறகு உலகம்மா காபி கொண்டு வந்தா. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், இதுல ஒரு ஓட்டை இருக்குட்டி, ஆனா ஒரு பயலுக்கும் தெரியாதுன்னு. என்ன ஓட்டைன்னு கேட்டா. அரசாங்கத்துகிட்ட வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்து, அந்தக் கான்ட்ராக்ட் நடப்புல இருந்துதுன்னா அந்த ஆளு தேர்தல்ல நிக்கக் கூடாது. சட்டம் அப்படி. பொன்னுலிங்கம் இந்த ரோட்டைப் போட்டு முடிச்சாரா, போட்டுக்கிட்டு இருக்காரா, அது அவருக்கே தெரியாது. முடிச்சாச்சுன்னு இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டு அவரு கையில இல்ல.

உலகம்மா டம்ளரை வச்சிட்டு அங்கயே நின்னா. இதை யாராவது எடுத்துச் சொன்னா என்ன ஆகும்னு கேட்டா. மனுவைத் தள்ளிருவாங்கன்னேன். தள்ளினா? தள்ளினா நாந்தான் வேட்பாளர்னேன். அந்த வருஷம் எங்க சின்னத்துல ஒரு கழுதையை நிறுத்தியிருந்தாலும் ஜெயிச்சிருக்கும் தம்பி, காத்து அப்படி அடிச்சுது. அவ குற்றாலிங்க அண்ணாச்சிக்குக்கூடவா தெரியாதுன்னு கேட்டா. அவன் மூளைக்கு இது எட்டாதுன்னு சொல்லிட்டு நான் காபியைக் குடிச்சேன்.

குற்றாலிங்கம் யாருன்னு சொல்லலையே. எதிர்க்கட்சி வக்கீல். ரெண்டு பேரும் ஒரே வருஷம் கோட்டு மாட்டினவங்க. கோர்ட்டுக்கு வெளிய ஒரே கடையில டீ குடிப்போம், அவன் பொண்டாட்டியும் உலகம்மாவும் ஒண்ணாத்தான் கோயிலுக்குப் போவாவ. கோர்ட்டுக்கு உள்ள போனா கதை வேற. முப்பது வருஷமா நானும் அவனும் எதிர் எதிரா நின்ன வழக்குல எல்லாம் அவன்தான் ஜெயிச்சான். எல்லாம்னா எல்லாமும். எங்கிட்டக் கேஸ் கொடுத்தவங்க எல்லாம் பொய் சொல்லுத ஆளுகளா வாய்ச்சாங்க, அதுக்கு நான் என்ன செய்ய? அவன் வாதாடிட்டு உக்காரும்போது என்னைப் பாத்து மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பான். அந்தத் துடைப்பு இருக்கே, அதுதான் எனக்குச் சாப்பாட்டை இறங்க விடாது.

மனுக்களைப் பரிசீலிக்கிற நாளு வந்துது. தாலுகா ஆபீஸ்ல சப்-கலெக்டர் அம்மா உக்காந்திருக்காவ, சின்ன வயசுதான், ஆனா கெட்டிக்காரி. நான் உலகம்மா தைச்ச புதுச் சட்டையில இருக்கேன். பக்கத்துல பொன்னுலிங்கம், கழுத்துல சங்கிலி, கையில கர்ச்சீப். அவரு மனு வந்துது. ஆட்சேபணை உண்டான்னு அந்தம்மா வழக்கமா கேக்குத கேள்வியைக் கேட்டாவ.

குற்றாலிங்கம் எந்திரிச்சான்.

எந்திரிச்சு, ரோட்டுக் கான்ட்ராக்டை எடுத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இவன் மூளைக்கு இது எப்படி எட்டிச்சு? இன்ன பிரிவு, இன்ன தீர்ப்பு, சர்டிபிகேட்டு இல்ல, வேலை முடியல, ஆகவே நடப்புல இருக்குன்னு அடுக்குதான். இந்த ரோட்டோட போட்டோ எடுத்துட்டு வந்திருந்தான் தம்பி, பெரிசு பெரிசா. நம்ம இப்போ தாண்டி வந்தோமே, அந்தக் குழியும் அதுல இருந்துது. ஜல்லி தெரியுது பாருங்கம்மா, இதையா போட்டு முடிச்ச ரோடுன்னு சொல்லுதாங்கன்னு கேட்டான். பொன்னுலிங்கம் கர்ச்சீப்பைப் பிழிய ஆரம்பிச்சிட்டாரு.

பேசி முடிச்சுட்டு குற்றாலிங்கம் என்னைப் பாத்தான். கண்ணாடியைக் கழட்டல. சும்மா பாத்தான். கையைக் கீழ வச்சு, உக்காரு உக்காருன்னு அமுக்குத மாதிரி காட்டினான். எவ்வளவு திமிரு பாருங்க. முப்பது வருஷமாத் தோத்தவன்தான நீ, இன்னைக்கும் பேசாம உக்காருன்னு சைகை காட்டுதான், அதுவும் சபையில வச்சு.

அந்தச் சப்-கலெக்டர் அம்மாவும் என்ன கேட்டாவ தெரியுமா? சார், நீங்கதான இந்தக் கட்சியோட மாற்று வேட்பாளர், இதுக்கு நீங்களே பதில் சொல்லணுமா, வேணும்னா நாளைக்குச் சொல்லலாம், வேற வக்கீலை வச்சும் சொல்லலாம்னாவ. வேற வக்கீலாம். எனக்குக் காது ரெண்டும் சுட்டுட்டு. என்னால முடியாதுன்னு அந்தச் சின்னப் பிள்ளைகூட நெனச்சிட்டு பாத்தீங்களா.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கும் ஞாபகம் வந்துது. வரலைன்னு சொன்னா பொய். இப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா சாயங்காலம் என் பேரு போஸ்டர்ல வரும். உலகம்மா ஞாபகம்கூட வந்துது. ஆனா எதிர்ல நிக்கிறது குற்றாலிங்கம். அவன் வாதத்துல ஒரு சந்து இருக்கு, நூல் நுழையுத சந்து, அது என் கண்ணுக்கு மட்டும் தெரியுது. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க உங்களால முடியுமா? நீங்க வக்கீல் இல்ல, முடியும். என்னால முடியல.

எந்திரிச்சேன். அம்மா, எதிர்த்தரப்பு நண்பர் ஜல்லி தெரியுதுங்காரு, ஒத்துக்கிடுதேன்னேன். பொன்னுலிங்கம் திடுக்குன்னு என்னைப் பாக்காரு. ஜல்லி ஏன் தெரியுது? தார் போயிட்டு. தார் போயிட்டுன்னா என்ன அர்த்தம்? தார் போட்டிருக்கு. போடாத தார் எப்படிப் போகும்? குழி விழுந்திருக்குங்காரு. ரோடே போடாத காட்டுல குழியை ரோட்டுக் குழின்னு யாராவது சொல்லுவாங்களா? ஆகவே இந்த ரோடு போட்டு, முடிஞ்சு, பழசாகி, வீணாவும் போயாச்சு. ஒரு வேலை இதுக்கு மேல எப்படி முடியும்? சர்டிபிகேட்டு கொடுக்காதது அரசாங்கத்தோட சோம்பேறித்தனம், வேலை செஞ்சவர் தன் பங்கைச் செஞ்சிட்டா அரசாங்கம் தன் பங்கைச் செய்யாட்டாலும் கான்ட்ராக்ட் நடப்புல இல்லைன்னு சட்டமே விளக்கம் சொல்லுது, இந்தாங்கன்னு புஸ்தகத்தைத் திறந்து வச்சேன்.

அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாவ. அலுவலகத்துல இருந்த கிளார்க்குமார் எல்லாம் சிரிச்சாங்க. குற்றாலிங்கம் மறுபடி எந்திரிச்சான், ரெண்டு தடவை எந்திரிச்சான், ஒரு தீர்ப்பை எடுத்தான், நான் அதையும் மடக்கினேன். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டிட்டு அவனுக்கு. அந்த மாதிரி அவனை நான் பாத்ததே இல்ல. கடைசியில தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

ஆட்சேபணை தள்ளுபடி, பொன்னுலிங்கம் மனு ஏற்கப்படுகிறதுன்னு அந்தம்மா எழுதினாவ. அடுத்த வரியில மாற்று வேட்பாளர் சொர்ணவேல் மனு நிராகரிக்கப்படுகிறதுன்னு எழுதினாவ. நான் ரெண்டுக்கும் சேத்து நன்றிம்மான்னு சொன்னேன்.

பொன்னுலிங்கம் வெளிய வந்து கையைப் பிடிச்சுக் கும்பிடுவாருன்னு பாத்தேன். என் ரோட்டைப் போயி சப்-கலெக்டர் முன்னாடி இப்படி அசிங்கப்படுத்திட்டீரேன்னாரு. ஜெயிச்ச பிறகு நன்றிக் கூட்டத்துல மைக் செட்டுக்காரனுக்கு நன்றி சொன்னாரு, பிரியாணி மாஸ்டருக்கு நன்றி சொன்னாரு. எனக்குச் சொல்லல. சரி, அது கிடக்கட்டும். அரசியல்னா அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தா உலகம்மா அரக்குப் பட்டுச் சேலை கட்டி வாசல்லயே நிக்கா. உள்ள பாயாச வாசனை. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு வேற. ஜெயிச்சாச்சுட்டின்னு தெருவுல இருந்தே சொன்னேன். ஓடி வந்து ஒரு கை சீனியை அள்ளி என் வாயில போட்டா. அவ முகத்தை நான் அப்படிப் பாத்ததில்ல தம்பி, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல.

தள்ளிட்டாங்களா மனுவைன்னு கேட்டா. எப்படித் தள்ளுவாங்க, நான் இருக்கும்போதுன்னேன். அவ கையில மிச்சம் இருந்த சீனி அப்படியே கீழ உதிர்ந்துது. குற்றாலிங்க அண்ணாச்சி ஒண்ணும் பேசலையான்னா. பேசினான், தவிடுபொடி ஆக்கிட்டேன், முப்பது வருஷத்துல முதல் தடவைட்டின்னேன். அவன் பேசுவான்னு இவளுக்கு எப்படித் தெரியும்னு அப்போ எனக்குத் தோணல. பொம்பளைங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருது.

பாயாசத்தை எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊத்திட்டு அவ போய்ப் படுத்துட்டா. தலைவலின்னா. அந்தத் தலைவலி பொன்னுலிங்கம் மந்திரியா பதவி ஏத்துக்கிட்ட பிறகும் போகல. பித்தம்னு நெனச்சு இஞ்சிச் சாறெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அதுக்குப் பிறகு அவ எனக்கு வெள்ளைச் சட்டை தைக்கல, தையல் மிஷின் ரிப்பேருன்னு சொன்னா.

இதெல்லாம் பழைய கதை, இப்போ எதுக்குச் சொல்லுதேன்னு பாக்குதீங்க. இன்னைக்குக் காலையில குற்றாலிங்கத்தைப் பாக்கப் போனேன். மக வீட்டுல, பாளையங்கோட்டையில இருக்கான். குளியலறையில வழுக்கி விழுந்து கால்ல மாவுக்கட்டு. ரெண்டு ஆரஞ்சை உரிச்சுக் கொடுத்தேன். தின்னுட்டு அவன் சொல்லுதான்.

"வே சொர்ணவேலு, ஒண்ணு சொல்லணும். இதை வச்சுக்கிட்டு நான் சாகக் கூடாது."

"கால் ஒடிஞ்சதுக்கா சாகப்போறீரு? சொல்லும்."

"அந்த ரோட்டு விஷயத்தை நான் கண்டுபிடிக்கல. மதினிதான் வந்து சொன்னாவ."

அவனுக்கு உலகம்மா மதினி முறை. கோயிலுக்குப் போகுத மாதிரி அவன் வீட்டுக்குப் போயிருக்கா. அண்ணாச்சி, இதுதான் அவருக்குக் கடைசி, இனிமே எவனும் அவரைக் கூப்பிட மாட்டான், நீங்க இந்த ஓட்டையைச் சொன்னீங்கன்னா பொன்னுலிங்கம் மனு போயிரும், அவருக்குச் சீட்டு வந்துரும், அவரு ஆசைப்பட்டது வேற ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கா. நீங்கதான் எப்பவும் ஜெயிக்கிறவங்களாச்சே, இதையும் ஜெயிச்சுக் கொடுத்திருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாளாம். அழுதாளாம். எங்கிட்ட அவ அழுததே கிடையாது தம்பி.

"உமக்காகத்தான் வே எந்திரிச்சேன். உக்காரும் உக்காரும்னு கையைக்கூடக் காட்டினேன், நீரு எந்திரிச்சிட்டீரே"ன்னான்.

ஆரஞ்சுத் தோலைக் கையில வச்சு நசுக்கினேன். சீட்டை நெனச்சா? சேச்சே, அது போயி எத்தனை காலம் ஆச்சு. வேற ஒண்ணை நெனச்சேன். முப்பது வருஷத்துல நான் அவனை ஜெயிச்சது ஒரே தடவை. அதை வச்சுக்கிட்டுத்தான் நான் நடமாடிக்கிட்டு இருக்கேன். அதையும் இவன் எனக்காகப் போட்ட பிச்சைன்னு சொல்லுதானான்னு ஆயிட்டு. கையில இருந்த ஆரஞ்சுத் தோலைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுக் கேட்டேன்.

"அப்போ அன்னைக்கு நீரு விட்டுக் கொடுத்தீரா?"

அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான்.

"விட்டுக் கொடுக்கவா? நான் ஜெயிச்சாத்தான வே நீரு எம்.எல்.ஏ. கோர்ட்டுக்கே போகாம உக்காந்து படிச்சேன். போட்டோக்காரனைக் கூட்டிக்கிட்டு அந்த ரோட்டுல வெயில்ல நடந்தேன். எஞ் சொந்த மகனுக்குக்கூட அப்படி வாதாடியிருக்க மாட்டேன். எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டீரே வே."

அவன் கண்ணு கலங்கிட்டு. எவ்வளவு நாளானாலும் தோல்வி உறுத்தத்தானே செய்யும். நான் அவன் தோளைத் தட்டி, விடும் குற்றாலிங்கம், எல்லாருக்கும் ஒரு நாளு சறுக்கும்னு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

ஆனா ஒண்ணு பாத்தீங்களா தம்பி? முழு மூச்சாத்தான் வாதாடியிருக்கான். மனசு வச்சு, ராப்பகலாப் படிச்சு, ஜெயிச்சே ஆகணும்னு நின்னு, தோத்திருக்கான். எங்கிட்ட. பஸ் ஏறினதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. அதான் ஜங்ஷன்ல இறங்கி ஒரு முழத்துக்கு ரெண்டு முழமாப் பூவும் வாங்கிட்டேன், இந்தா மஞ்சப் பையில இருக்கு.

உலகம்மாகிட்டச் சொல்லணும். அவன் எப்பவும் ஜெயிக்கிறவன்னு நெனச்சுத்தான அவங்கிட்டப் போனா? பாவம், அவளுக்குத் தெரியாது. நீயும் போய்க் கேட்டு, அவனும் உயிரைக் கொடுத்து வாதாடி, ரெண்டு பேரும் சேந்து நின்னும் என்னை ஜெயிக்க முடியலட்டின்னு சொல்லணும். சந்தோஷந்தான படுவா? என்ன தம்பி, ஜன்னலுக்கு வெளிய பாக்குதீங்க. படுவாள்லா?